நான் ஃபார்வர்ட் செய்த தர்பூசணி

அந்த வீடியோவை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்சப் குழுவில் போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் கீழே எழுதப்போவதெல்லாம் யாரோ செய்த தப்பைப் பற்றி நான் நியாயம் பேசுவது போல ஆகிவிடும்.

2025 மார்ச் கடைசி வாரம். தாம்பரத்தில் வெயில் கொளுத்த ஆரம்பித்துவிட்டது. நோன்பு மாதம் வேறு, அதனால் தெருமுனைக்குத் தெருமுனை தர்பூசணிக் குவியல். அப்போதுதான் சென்னையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் நடத்திய ஒரு பழச் சோதனையின் வீடியோ வந்தது. வெட்டிய தர்பூசணித் துண்டை டிஷ்யூ பேப்பரால் துடைக்கிறார்கள், பேப்பர் சிவப்பாகிறது. ஊசி வழியாகச் சாயம் ஏற்றுகிறார்கள், எரித்ரோசின் என்று பெயர், குழந்தைகளுக்கு ஆபத்து, பார்த்து வாங்குங்கள் என்று அறிவுரை. எனக்கு ஏழு வயதில் பையன் இருக்கிறான். ஃப்ரிட்ஜில் அரைப் பழம் இருந்தது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "ப்ளீஸ் பீ கேர்ஃபுல்" என்று ஒரு வரி சேர்த்து வீடியோவைக் குழுவில் தட்டிவிட்டேன். 140 வீடுகள் இருக்கும் குழு. பத்து நிமிஷத்தில் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. நல்ல காரியம் செய்த நிறைவோடு தூங்கப் போனேன்.

என் சொந்த அண்ணன் திண்டிவனம் பக்கத்தில் தர்பூசணி போட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வீடியோவில் இருக்கும் பழத்துக்கும் அண்ணன் கழனியில் கிடக்கும் காய்க்கும் என் மனசு முடிச்சே போடவில்லை. ஊரில் இருப்பது 'நம்ம பழம்', தெருமுனையில் இருப்பது 'அவன் பழம்' என்று எப்படியோ இரண்டாகப் பிரித்து வைத்திருந்திருக்கிறேன். வாங்கித் தின்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் யோசிக்கிறோமோ என்னவோ.

மூன்றாம் நாள் காலையில் அண்ணன் போன் செய்தார். எடுத்ததும், "பாப்பா, உங்க பக்கம் தர்பூசணி யாராச்சும் வாங்குறாங்களா?" என்றார். வியாபாரி அட்வான்ஸாகப் பத்தாயிரம் கொடுத்துவிட்டுப் போனவர், வெள்ளிக்கிழமை வெட்டுவதாகச் சொன்னவர், இப்போது போனை எடுப்பதில்லையாம். வேறு ஒருவரைப் பிடித்துக் கேட்டால் கிலோ மூன்று ரூபாய் என்கிறாராம். பேசியிருந்த விலை பதினொன்று.

நான் பேசாமல் நின்றேன். என்ன சொல்வது?

அண்ணனுக்கு அந்த வருஷம் முன்கதை ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். அந்தப் பக்கம் முழுக்க ஏரி எது, கழனி எது என்று தெரியாமல் கிடந்தது. அண்ணன் நெல் போயிற்று. அதை ஈடுகட்டத்தான் பொங்கல் கழிந்த கையோடு ஒரு ஏக்கர் சொந்த நிலத்திலும் ஒரு ஏக்கர் குத்தகையிலும் தர்பூசணி போட்டார். 65 நாளில் கையில் காசு வரும் பயிர் வேறு எது இருக்கிறது?

ஆனால் செலவும் அதே வேகத்தில் பிடுங்கும். வீரிய ஒட்டு விதை 50 கிராம் பாக்கெட்டில் வரும், விலையைக் கேட்டால் நகைக்கடை நினைவு வரும். உழவு, பார் அணைப்பது, அதன் மேல் மண்ணை மூடும் மல்ச்சிங் பிளாஸ்டிக் ஷீட், சொட்டுநீர்க் குழாய், குழாய் வழியாக உரம், ஆள்கூலி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 75,000 ரூபாய் ஆனது அவருக்கு. இரண்டு ஏக்கருக்கு ஒன்றரை லட்சம். 30 டன் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். பதினொரு ரூபாய்க்கு விற்றால் மூன்று லட்சத்துக்கு மேல். நெல்லில் போனதும் திரும்பும், பெண்ணின் கல்லூரிக் கட்டணமும் கட்டலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். கொடியெல்லாம் பழுக்க ஆரம்பித்து, கரும்பச்சைக் காய்கள் மல்ச்சிங் ஷீட்டின் மேல் உருண்டு கிடந்தன. அங்கே யாரும் பழம் என்று சொல்வதில்லை. காய்தான். சைஸ் காய், பொடிக் காய், கழிவுக் காய். காய்க்குப் பக்கத்தில் இருக்கும் சுருள் காய்ந்துவிட்டதா, தரையில் பட்ட இடம் வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு வந்துவிட்டதா, தட்டினால் 'டம்' என்று கனமாகக் கேட்கிறதா என்று பார்த்துத்தான் வெட்டுவார்கள். அந்த நாளைத் தாண்டினால் உள்ளே சதை குழைந்து மணல் மாதிரி ஆகிவிடும். மாங்காய் மாதிரி பறித்து வைத்துப் பழுக்கவைக்கிற சங்கதியும் இதில் கிடையாது. கொடியில் ஏறிய இனிப்புதான் இனிப்பு, பறித்தபின் கூடாது. அதனால் விலை ஏறட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

பயம் பரவுவதற்கும் இதே பத்து நாள்தான் தேவைப்படுகிறது. இந்தப் பொருத்தத்தை நான் அங்கே வரப்பில் நின்றபோதுதான் புரிந்துகொண்டேன்.

அண்ணி ஒரு காயை உடைத்துக் கொடுத்தார். தின்றுகொண்டே, வீடியோவைக் குழுவில் போட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சிரித்தார். கோபித்திருந்தால் தேவலை. "உன் புள்ளைக்குன்னு பயந்துருப்ப, வுடு" என்றார்.

குழுவில் அந்தச் செய்தியை அழிக்கப் பார்த்தேன். எல்லாருக்குமாக அழிக்கும் நேரம் கடந்துவிட்டிருந்தது. திருத்தமாக ஒரு நீண்ட விளக்கம் எழுதிப் போட்டேன். அதற்கு ஒரே ஒருவர் கட்டைவிரல் காட்டினார். முதல் வீடியோவுக்கு எத்தனை கைகூப்பல் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சரி, சாயம் ஏற்ற முடியுமா முடியாதா? வாயால் சொல்வதை விட செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஊரிலிருந்து நாலு காய் எடுத்து வந்தேன். மருந்துக்கடையில் 5 மில்லி சிரிஞ்சு, மளிகைக் கடையில் கேசரிப் பவுடர். பையன் உதவியாளர். தோலுக்குள் ஊசி இறங்குவதே பெரும்பாடு. அழுத்தினால் பாதிக்கு மேல் ஊசியைச் சுற்றி வெளியே வழிந்தது, ஏனென்றால் உள்ளே காலி இடமே கிடையாது. தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர், அது ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கிறது. வெட்டிப் பார்த்தால் ஊசி போன இடத்தில் மட்டும் ஒரு கோடும் ஒரு திட்டும், மற்ற இடமெல்லாம் பழைய நிறம். இன்னொரு காயைக் குத்தி அப்படியே சமையல் மேடையில் வைத்தேன். மறுநாள் காலையில் துளையில் நுரை கட்டியிருந்தது, மாலைக்குள் புளித்த நாற்றம். ஒரு லாரிக்குப் பத்து டன் என்றால் ஆயிரக்கணக்கில் காய்கள். ஒவ்வொன்றையும் குத்தி, அது அழுகுவதற்குள் விற்று, கிலோவுக்குப் பதினைந்து இருபது ரூபாய் பார்க்க எந்த வியாபாரி உட்கார்ந்திருப்பான்? கூலிகூடக் கட்டாது.

டிஷ்யூ பேப்பரையும் சோதித்தேன். அண்ணன் கழனிக் காய், நான் கண்ணெதிரே பறித்தது, அதைத் துடைத்தாலும் பேப்பர் வெளிர் சிவப்பாகத்தான் ஆனது. ஆகாமல் எப்படி இருக்கும்? தக்காளியைச் சிவப்பாக்கும் லைகோபீன்தான் இதையும் சிவப்பாக்குகிறது. சாறோடு சேர்ந்து அதுவும் ஒட்டும். கொஞ்சம் வித்தியாசம் கண்டது தண்ணீரில்தான். ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால் இயற்கை நிறம் மங்கலாக, தூளாகக் கலங்கி அடியில் தங்கும். கேசரிப் பவுடர் ஏறிய துண்டு போட்டவுடன் தண்ணீரைத் தெளிவான ரோஸ் நிறமாக்கியது. இதுவும் சமையலறை வித்தைதான், ஆய்வுக்கூடம் சொல்வதற்கு ஈடாகாது. ஆனால் பேப்பர் சிவந்ததைப் பார்த்து நான் பழத்தைக் குப்பையில் போட்டேனே, அதற்கு இது எவ்வளவோ மேல்.

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்பவள். எதையும் பிரிவு எண் போட்டுப் படிக்காவிட்டால் தூக்கம் வராது. 2006 உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். ஒரு உணவில் சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து நாலு பங்காகப் பிரிக்க வேண்டும். ஒன்று பகுப்பாய்வாளருக்குப் போகும், அவர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். மற்ற பங்குகள் பின்னால் தகராறு வந்தால் மறுபடி பார்ப்பதற்காக. எவ்வளவு நிதானமான ஏற்பாடு! அதே சட்டத்தின் 18ஆம் பிரிவில், விவசாயிக்கும் அவர் கழனி மட்டத்தில் விளைவிப்பதற்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்றும் இருக்கிறது. சட்டம் அண்ணன் வரப்பை மிதிக்காது. ஆனால் அதன் பேரால் வரும் பேச்சு மட்டும் வரப்பைத் தாண்டி உள்ளே வந்து காயை மூன்று ரூபாய்க்கு இறக்கிவிடுகிறது. 14 நாள் அறிக்கைக்குக் காத்திராமல் கேமராவுக்கு முன் பேசினால், அறிக்கை எப்படி வந்தாலும் பயனில்லை.

விவசாயிகள் பழத்தோடு போய்ப் போராடினார்கள், தோட்டக்கலைத் துறையினர் கழனிகளுக்கு வந்து பார்த்தார்கள், கலப்படத் தர்பூசணி எதுவும் தமிழ்நாட்டில் பிடிபடவில்லை, பொதுவான விழிப்புணர்வுக்காகச் சொன்னதுதான் என்று அதிகாரிகளிடமிருந்து விளக்கமும் வந்தது. விளக்கம் வந்த அன்று அண்ணன் கழனியில் பாதிக் கொடி காய்ந்திருந்தது.

இது நமக்கு மட்டும் நேர்வதில்லை. 2011 மே மாதம் ஜெர்மனியில் இ-கோலி கிருமியால் ஆயிரக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹாம்பர்க் அதிகாரிகள் சொல்ல, ஐரோப்பா முழுக்க வெள்ளரியும் தக்காளியும் கொட்டப்பட்டன. கடைசியில் பார்த்தால் காரணம் முளைகட்டிய வெந்தயம். எகிப்திலிருந்து வந்த விதை. அங்கே நோய் நிஜம், குற்றம் சாட்டப்பட்ட காய்தான் தப்பு. எங்கள் கதையில் நோயாளியும் இல்லை. இன்னொரு வித்தியாசம், அங்கே ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் விவசாயிகளுக்கு நஷ்ட ஈடு ஒதுக்கியது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "யூரோன்னா நம்ம காசுல எவ்ளோ?" என்று கேட்டார். சொன்னதும் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

இனி நாங்கள் செய்தது. சிலது பலித்தது, சிலது பல்லிளித்தது.

முதலில் ஒரு குட்டியானையில் 900 கிலோ ஏற்றி எங்கள் குடியிருப்புக்கே கொண்டுவந்தோம். வீடியோவைப் போட்டவளே பழத்தையும் கொண்டுவருகிறாள் என்று யாராவது சொல்வார்களோ என்று கூச்சமாக இருந்தது. சொல்லவும் செய்தார்கள். வாசலில் மேஜை போட்டு, வருகிறவர் கைகாட்டும் காயை அங்கேயே உடைத்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தோம். இதுதான் வேலை செய்தது. நான் எழுதிப் போட்ட விளக்கம் சாதிக்காததை ஒரு துண்டு சாதித்தது. அண்ணனும் கூடவே நின்றார். "நீங்கதான் போட்டீங்களா?" என்று கேட்டவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். விளைவித்தவர் முகத்தைப் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது. கிலோ 12 ரூபாய். இரவு ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிட்டது.

அந்த உற்சாகத்தில் அடுத்த முறை பிக்கப் வண்டியில் ஒன்றரை டன், பக்கத்துக் குடியிருப்பில். அதுவும் போயிற்று. மூன்றாவதில் மாட்டிக்கொண்டோம். மதியம் இரண்டு மணிக்கு ஏற்றி, தார்ப்பாய் இல்லாமல், வைக்கோல் போடாமல் கொண்டுவந்ததில் அடியில் இருந்த காய்கள் விரிசல் விட்டன. ஏற்கெனவே வாங்கியவர்கள் வீட்டில் பழம் இருந்தது. நாலு பேர் இருக்கும் வீட்டில் எட்டு கிலோ காயை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? மூன்று கிலோ காய்தான் கேட்டார்கள், நாங்கள் பெருமையாகப் பெரியதாகப் பொறுக்கி ஏற்றியிருந்தோம். அரை டன் விற்காமல் எங்கள் வாட்ச்மேன் வழியாகப் பக்கத்து மாட்டுக்கொட்டகைக்குப் போனது. இதைச் செய்யப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: விடிகாலையில் ஏற்றுங்கள், முன்கூட்டியே எத்தனை வீடு, எத்தனை கிலோ என்று பெயர் எழுதி வாங்குங்கள், ஒரே இடத்துக்கு வாரம் ஒரு முறைக்கு மேல் போகாதீர்கள், சின்னக் காய்தான் நகரத்தில் ஓடும்.

கணக்கு இதுதான். நேரடி விற்பனையில் வண்டி வாடகை போக 28,000. மூன்று, நாலு ரூபாய்க்கு வியாபாரிக்குத் தள்ளிய 14 டன்னுக்கு 49,000. வராத வியாபாரியின் அட்வான்ஸ் பத்தாயிரம். மொத்தம் 87,000. போட்டது ஒன்றரை லட்சம். பன்னிரண்டு டன்னுக்கு மேல் கழனியிலேயே குழைந்தது. அந்த வாரம் அந்தப் பக்கம் போனால் காற்றே புளித்த வாடை அடித்தது.

ஆகவே நேரடி விற்பனைதான் தீர்வு என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள். 30 டன் காயை 140 வீடு தின்ன முடியாது. கோயம்பேடும் வெளியூர் லாரியும் வேண்டும். நேரடி விற்பனை முழுகும்போது பிடித்துக்கொள்ளும் கட்டை, அவ்வளவுதான்.

பயிர் செய்கிறவர்கள் இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று அண்ணனிடம் பின்னொரு நாள் கேட்டேன். யோசித்து மூன்று சொன்னார். இரண்டு ஏக்கரையும் ஒரே நாளில் நட்டது தப்பு, 15 நாள் தள்ளித் தள்ளி நட்டிருந்தால் ஒரு ஏக்கராவது விளக்கம் வந்தபின் வெட்டியிருக்கலாம். வியாபாரியோடு பேசியதைத் தாளில் எழுதி வாங்கவில்லை. எடைமேடைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தவில்லை. நான் நாலாவதாக ஒன்று சேர்த்தேன்: அழுகிய கழனியைப் படம்கூட எடுக்கவில்லை. நஷ்டத்துக்கு மனு எழுத உட்கார்ந்தபோது எங்கள் கையில் இருந்தது குத்தகைப் பேச்சும் வாய்ப்பேச்சும்தான். குத்தகை நிலத்துக்கு அடங்கல், அதாவது கிராமத்துப் பயிர்ப் பதிவு, நிலக்காரர் பேரில் இருக்கும், பயிர் செய்தவர் பேரில் இருக்காது. கிராம நிர்வாக அலுவலரிடம் பயிர் போட்டவுடனே போய்ப் பதிந்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்று அப்போதுதான் தெரிந்தது. காய் கொடியில் இருக்கும்போதே தோட்டக்கலை அலுவலரைக் கூப்பிட்டு ஒரு வரி எழுதி வாங்கியிருக்கலாம்.

அப்புறம் ஒரு விஷயம். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் நேர்மையாக இருக்காது.

வரப்பில் உட்கார்ந்திருந்த அன்று அண்ணனிடம் கேட்டேன், "சாயம் பொய்தான். மருந்து? கடைசியா எப்ப அடிச்ச?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. இலைப்பேனுக்கும் பழ ஈக்கும் அடிக்க வேண்டியிருந்தது, அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும் என்றார். டப்பாவின் மேல் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று போட்டிருந்ததோ தெரியாது, மருந்துக்கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. எழுதி வைக்கவும் இல்லை.

சாயம் என்று ஒரு பொய் வந்து, கேட்க வேண்டிய கேள்வியை மறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்கு யாராவது நிஜமாகவே மருந்து எச்சத்தைப் பற்றிப் பேசினால், 'அன்றைக்குச் சாயம் என்று சொன்னவர்கள்தானே' என்று விவசாயிகள் உதறிவிடுவார்கள். அதில் நஷ்டம் இரண்டு பக்கமும்தான். அண்ணன் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். என்ன மருந்து, எந்தத் தேதி, டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் எத்தனை. அண்ணியின் கையெழுத்து. பழ ஈக்கு, வாசனையால் ஈயை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கட்டிப் பார்க்கிறார்கள். மருந்தை முழுசாக விட்டாரா என்றால் இல்லை.

வாங்கும் பக்கத்தில் நான் மாற்றிக்கொண்டதும் கொஞ்சம் உண்டு. தர்பூசணியில் நான் பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருந்தது. தோலில் மண்ணும் கிருமியும் இருக்கும், கத்தி அதை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். 2011இல் அமெரிக்காவின் கொலராடோவில் விளைந்த முலாம்பழத்தால் 33 பேர் இறந்தார்கள். பழம் கழுவிக் கட்டும் கூடத்திலிருந்து லிஸ்டீரியா கிருமி தோலில் ஏறியிருந்தது. அங்கே எவரும் ஊசி போடவில்லை, சாயம் ஏற்றவில்லை. நானோ இத்தனை வருஷமாக, தோலைத் தின்னப்போவதில்லையே என்று காயைக் கழுவாமல்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். இப்போது குழாயடியில் தேய்த்துக் கழுவி, துடைத்து, பிறகுதான் கத்தி. வெட்டியதை வெளியில் வைப்பதில்லை, ஃப்ரிட்ஜ்தான். தெருவில் வெட்டித் தட்டில் வைத்திருப்பதை, மேலே ஈ, கீழே எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஐஸ், வாங்குவதில்லை. முழுக் காயாக வாங்கி அங்கேயே வெட்டித் தரச் சொல்வதாக இருந்தால் கத்தியைப் பார்க்கிறேன். ஜூஸ் கடையில் ரொம்பவும் பளிச்சென்று இருந்தால் தவிர்க்கிறேன், நிறம் கலக்க அங்கேதான் வசதி, ஊசி எதற்கு? நடுவில் வெடித்து வெற்றிடமாக இருக்கும் பழத்தைப் பார்த்து 'ஹார்மோன் ஊசி' என்று ஒரு மாமி சொன்னார். தேனீ சரியாக வராமலோ வெயிலும் தண்ணீரும் ஏறி இறங்கியோ அப்படி ஆகும், தின்னலாம் என்று அண்ணன் சொன்னதை அவரிடம் சொன்னேன். நம்பினாரா தெரியாது.

நிஜமாகவே சந்தேகம் வந்தால் பழத்தைத் தூக்கி எறியாமல் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பி, எங்கே வாங்கினேன், எப்போது வாங்கினேன் என்று சொல்வது என்று வைத்திருக்கிறேன். எறிந்துவிட்டால் சோதிக்க ஒன்றும் இருக்காது. நான் அன்று குப்பையில் போட்ட அரைப் பழம் எங்கே விளைந்ததோ. அண்ணன் ஊர்க் காயாகவே இருந்திருக்கலாம். கடைக்காரர் திண்டிவனத்து லோடு என்று சொல்லித்தான் விற்றார்.

அவரையும் சொல்ல வேண்டும், எங்கள் தெருமுனைக் கடைக்காரரை. அந்தப் பத்து நாளும் அவர் கடையைத் தாண்டித்தான் நான் அலுவலகம் போனேன். குவியல் குறையவே இல்லை. ஒருநாள் காயை உடைத்து அவரே தின்றுகொண்டிருந்தார், போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று. அண்ணனுக்காக மேஜை போட்டு விற்ற நான், அவரிடம் ஒரு கிலோகூட வாங்கவில்லை. எங்கள் வண்டி வந்த மாலையில் அவர் வியாபாரம் இன்னும் படுத்திருக்கும். இதை நினைத்தால் இன்றைக்கும் ஒரு மாதிரியாக இருக்கிறது. ஏப்ரல் நடுவில் அவர் இளநீருக்கு மாறிவிட்டார்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணன் ஒரு ஏக்கரில்தான் தர்பூசணி நடப்போவதாகச் சொன்னார், அதுவும் இரண்டு தவணையாக. குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சொந்த நிலத்தில் மீதி இருந்த அரை ஏக்கர் கரம்பைத் திருத்தி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். "மல்லாட்டைய காய வச்சி மூட்ட கட்டி வூட்டுல போட்டுக்கலாம் பாப்பா," என்றார், "எவன் என்னா வீடியோ போட்டாலும் அது பாட்டுக்குக் கெடக்கும்."

கிளம்பும்போது அண்ணி கேட்டார், உங்க குரூப்ல இந்த வருஷம் எத்தனை வீடு எடுப்பாங்க என்று. போனை எடுத்துக் குழுவில் கேட்டேன். பேருந்து மேல்மருவத்தூர் தாண்டுவதற்குள் 31 வீடு பெயர் கொடுத்திருந்தது. எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றே ஒன்று எழுதியிருந்தார்கள்: மூன்று கிலோ காய்.